கருப்பர் வாசலும் மெத்தனால் கணக்கும்

சித்திரைத் திருவிழாவுக்காகக் கள்ளழகர் மலையைவிட்டு மதுரைக்குக் கிளம்பும்போது கோட்டை வாசலில் ஒரு நடைமுறை உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பணசாமி காவலிருக்கும் அடைத்த கதவுக்கு முன்னால் பல்லக்கு நிற்கும். அழகர் பூட்டிக்கொண்டு போகிற நகைகளின் பட்டியல் கருப்பர் முன்னிலையில் வாசிக்கப்படும். வைகையில் இறங்கி, மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்து, தசாவதாரம் காட்டி, பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்பியதும் அதே வாசலில் அதே பட்டியல் மறுபடி சரிபார்க்கப்படும். பல்லக்குத் தூக்குகிறவர்கள், மண்டகப்படி நடத்துகிறவர்கள், அலங்காரம் செய்கிறவர்கள் என்று எத்தனையோ கைகள் படும் பயணம் அது. அவர்களில் யார் யோக்கியர் என்று அந்த வாசலில் யாரும் விசாரிப்பதில்லை. சாமியே கள்ளர் வேடம் பூண்டுதான் போகிறார். போனது எத்தனை, வந்தது எத்தனை என்பதுதான் அங்கே கேள்வி. ஆளை விட்டுவிட்டுப் பொருளை எண்ணும் இந்த வழக்கத்தை, மதுவையும் போதையையும் அடக்கத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக நடந்துவரும் அரசு முயற்சிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அரசு பெரும்பாலும் ஆளை எண்ணியது. நஞ்சை எண்ணாமல் விட்டது. விஷச்சாராயத்தில் கொத்துக் கொத்தாகச் சாவு விழுகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தவறுதான் வெளியே வருகிறது என்பது என் வாதம்.

அந்த வாசலுக்கு அப்படியொரு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பதினெட்டாம்படியில் உருவச் சிலை கிடையாது. கோபுர வாசலின் பிரம்மாண்டமான கதவுகளே சாமி. ஆடித் திருவிழாவில் அந்தக் கதவுகளுக்குத்தான் சந்தனம் சாத்துகிறார்கள். அழகரின் ஆற்றலைக் கவர்ந்துபோக மலையாள நாட்டிலிருந்து வந்த பதினெட்டுப் பேர் அந்தப் படிகளின் அடியில் புதைந்திருக்கிறார்கள் என்பது கோயில் கதை. தொ. பரமசிவன் தம் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்து நூலாக்கிய ‘அழகர் கோயில்’ இந்தத் தலத்துக்கும் சுற்றுவட்டாரச் சாதிகளுக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்கிறது. கொடுக்கல் வாங்கல், நிலத்தகராறு, திருட்டுப் பழி எதுவானாலும் ‘கருப்பர் வாசல்ல வந்து சத்தியம் பண்ணு’ என்றால் பேச்சு அத்தோடு முடியும். வெள்ளைக்காரர் சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. ஒரு தரப்பார் ‘எதிராளி இன்ன இடத்தில் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன்’ என்று ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியத்தையே முடிந்த சாட்சியமாக ஏற்க 1873ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தில் வழி இருந்தது. 1969இல் புதுச் சட்டம் வந்தபோதுதான் அது போயிற்று. 1906இல் மதுரை மாவட்ட விவரக் கையேட்டைத் தொகுத்த டபிள்யூ. பிரான்சிஸும் கருப்பர் வாசல் சத்தியத்துக்கு இருந்த மதிப்பைக் குறிக்கத் தவறவில்லை.

குடியை விடுவதற்கும் மதுரைச் சீமையில் இதே வழிதான் வெகுகாலமாக இருந்துவருகிறது. கருப்பசாமி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வது, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வது, மலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருப்பது எல்லாம் இந்த வகை. கருப்பசாமிக்கே சுருட்டும் சாராயமும் படைக்கிற ஊர்களும் இவைதான் என்பதில் முரண் எதுவும் இல்லை. சாமிக்குப் படைக்கிற நாளும் அளவும் ஊரறிந்தவை; கயிறு கட்டியவன் அதை மீறினால் ஊரே கவனிக்கும். இதன் பலத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மனைவியும் தாயும் பார்க்க, பங்காளிகள் சூழ நிற்க, ஒருவன் கொடுக்கும் வாக்குக்கு உள்ள அழுத்தம், பள்ளி மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும் போதை ஒழிப்பு உறுதிமொழிக்கு வராது. ஆனால் சத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது குடிக்கிறவனின் கையைப் பிடிக்கும். அவன் கைக்கு வந்து சேர்ந்த பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சத்தியத்தால் மாற்ற முடியாது. சத்தியத்தை மீறியவனுக்குச் சாவுதான் தண்டனை என்று எந்த ஊரும் சொன்னதில்லை. தெண்டம் கட்டச் சொல்லும், மறுபடி கயிறு கட்டச் சொல்லும். தவறினவன் திரும்பி வர ஒரு வழியை ஊர் வைத்திருந்தது. அந்த வழியை அரசு வைத்திருந்ததா என்பதுதான் கேள்வி.

ஆளை எண்ணும் ஏடு எப்படி இருக்கும் என்பதை மதுரை மண் நன்றாகவே அறியும். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பிரமலைக் கள்ளர் குடும்பங்களில் ஆண்கள் கைரேகையைப் பதிய வேண்டும், இரவில் காவல்துறைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், சீட்டு இல்லாமல் ஊர்விட்டு ஊர் போகக் கூடாது. ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். மக்கள் ரோசாப்பூ துரை என்று கொண்டாடிய ஜார்ஜ் ஜோசப் மதுரையில் இருந்துகொண்டு அந்த மக்களுக்காக வழக்காடினார். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. மூன்று பத்தாண்டுகள் ரேகை வாங்கியும் களவு ஒழிந்ததாக யாரும் காட்ட முடியவில்லை. ஒரு சமூகம் முழுவதும் காக்கிச் சட்டையைக் கண்டால் ஒதுங்கிப் போகப் பழகியதுதான் மிச்சம். மதுவிலக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பயம்தான் சம்பந்தம். ஆளைக் குற்றவாளியாகப் பதிகிற அரசிடம் அந்த ஆள் ஆபத்து நேரத்தில் ஓடி வரமாட்டான்.

மதுக் கணக்குக்கு வருவோம். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கள்ளும் சாராயமும் ஏலத்தில் போயின. எந்த மரத்தில் கள் இறங்கியது, எந்த வடிசாலையிலிருந்து எவ்வளவு சாராயம் போயிற்று என்றெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு வைத்தான். குடிமகன் உடம்பைக் காப்பது அவன் நோக்கமல்ல, வரிதான் நோக்கம். ஆனாலும் அது பொருளை எண்ணிய கணக்கு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது இந்தக் கணக்கு தலைமாறியது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபருக்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. ராஜாஜியின் நோக்கத்தைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. சேலத்து ஏழை வீடுகளில் அடுப்பெரிய வேண்டும் என்ற எண்ணம் உண்மையானது. ஆனால் அந்தச் சட்டத்தில் காய்ச்சுவது, விற்பது, வைத்திருப்பது போலவே குடிப்பதும் குற்றமானது. குடித்தவன் நோயாளியாக மருத்துவரிடம் போனாலும் குற்றவாளியாகத்தான் போக வேண்டும். வரிக்காக இருந்த சரக்குக் கணக்கும் போய், அதனிடத்தில் கைதுக் கணக்கு வந்தது.

சரக்கை எண்ண வேண்டும் என்ற நினைப்பே அரசுக்கு வரவில்லை என்று சொன்னால் அநியாயம். 1959இல் கலப்பு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் என்கிற பிரெஞ்ச் பாலிஷ் மூன்றையும் சேர்த்துத் தனி விதிகள் போட்டார்கள். மர மேசைக்குப் பளபளப்பு ஏற்றும் வார்னிஷுக்கு மதுவிலக்குத் துறை ஏன் விதி போட வேண்டும்? மதுவிலக்குக் காலத்தில் ஜனங்கள் அதையும் குடித்தார்கள் என்பதால்தான். உரிமம், இருப்புக் கணக்கு, இவ்வளவுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு எல்லாம் தாளில் வந்துவிட்டன. நம்முடைய நீண்ட மதுவிலக்கு வரலாற்றில் பொருளைச் சரியாக அடையாளம் கண்டுகொண்ட இடம் இதுவென்பேன். அந்த விதிகளை மாநிலத்தின் முதன்மை வேலையாக எடுத்துக்கொண்டு ஊன்றி நடத்தியிருந்தால் பின்னால் வந்த எத்தனையோ சாவுகள் தடுக்கப்பட்டிருக்கும். அதற்குப் பதில் அது இலாகா அலமாரியில் ஒரு விதித்தொகுப்பாகத் தங்கியது; அரசியல் முழுவதும் கடையைத் திறப்பதா மூடுவதா என்பதையே சுற்றியது. 1971 ஆகஸ்டில் மதுவிலக்குத் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது, 1983இல் டாஸ்மாக் வந்தது, 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கு வந்தன. 1982இல் குண்டர் தடுப்புச் சட்டம் வந்தபோது அதற்கிருந்த முழுப் பெயரைப் படித்தால் முதலில் வருவது கள்ளச்சாராயக்காரர்கள், அடுத்து போதைப்பொருள் குற்றவாளிகள். மறுபடியும் ஆட்களின் பட்டியல்.

இந்த இடத்தில் ஊறலுக்கும் விஷத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் போட்டு மண்ணில் புதைத்து ஊறவைத்துக் காய்ச்சுகிற சாராயம் உடம்புக்குக் கெடுதல்தான். ஈரலைத் தின்னும், குடும்பத்தைக் கெடுக்கும். ஆனால் வெல்லம் புளிப்பதால் உண்டாவது எத்தனால். அதில் மெத்தனால் சேர்வது மிகச் சொற்பம். ஒரே இரவில் ஒரு தெருவையே சாய்க்கும் மெத்தனால் ரசாயன ஆலையில் பிறக்கிறது. பெயின்ட், தின்னர், வார்னிஷ், பிளைவுட் பசை, மருந்துத் தொழில் எல்லாவற்றுக்கும் அது தேவை. நிறத்தாலும் வாசனையாலும் சாதாரண ஆள் அதைப் பிரித்தறிய முடியாது. விலை குறைவு, காய்ச்சுகிற வேலையும் இல்லை. தண்ணீர் கலந்து பாக்கெட் போட்டால் தீர்ந்தது. குடித்த உடனே அது கொல்வதும் இல்லை. ஈரலில் உள்ள நொதிகள் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அந்த அமிலம்தான் கண் நரம்பைச் சுட்டு, இரத்தத்தில் அமிலத்தை ஏற்றி, மூச்சை நிறுத்துகிறது. அதற்குப் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு முழு நாளோ ஆகலாம். கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். வயிற்றுவலி, வாந்தி, பார்வையில் பனி மூடினாற்போல ஒரு மங்கல் என்றுதான் ஆரம்பிக்கும். ‘ராத்திரி குடிச்சது இன்னும் இறங்கல’ என்று வீட்டார் படுக்கவைத்துவிடுவார்கள். காப்பாற்றக்கூடிய நேரம் அப்படித்தான் கரைகிறது.

2001 இறுதியில் பண்ருட்டிப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலையில் பயன்படும் மெத்தனால் என்று அப்போதைய காவல்துறைத் தலைவரே அறிக்கை விட்டார். பொருள் எது, எங்கிருந்து கிளம்பியது என்பது அரசுக்கு அன்றே தெரிந்துவிட்டது. பதின்மூன்று மாதம் கழித்து, 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே பொருள் அறுபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. காடோ மலையோ அல்ல அது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் நடு. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்; பெண்களும் இருந்தார்கள். முதல் சாவுகள் சாராயத்தால் வந்தவை அல்ல என்ற விளக்கம் அதிகாரத் தரப்பிலிருந்து வந்ததாகவும், துக்கத்துக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டைக் குடித்ததாகவும் அந்த நாட்களில் செய்திகள் வந்தன. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. ஜூன் 29ஆம் தேதி சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமானவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. ஒரு நபர் விசாரணை ஆணையம், இழப்பீடு, சிபிஐ விசாரணை எல்லாம் வந்தன. தண்டனை கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுபது பேரைக் கொன்ற வியாபாரத்துக்கு ஆயுள் தண்டனை அதிகமில்லை. ஆனால் தண்டனை என்பது பிணம் விழுந்தபிறகு தொடங்குகிற வேலை.

பூரண மதுவிலக்கு வந்தால் இதெல்லாம் தீரும் என்பவர்களை மதிக்கிறேன். டாஸ்மாக் வாசலில் சம்பளத்தைப் பறிகொடுத்த வீட்டுப் பெண்கள் அப்படிக் கேட்கும்போது யாராலும் எளிதில் பதில் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ரூ.45,000 கோடிக்குமேல் அதில் வருமானம் பார்க்கிற அரசுக்கு அவர்கள் முன்னால் பேச வாயும் இல்லை. ஆனால் விஷச்சாராயம் என்ற இந்த ஒரு விஷயத்தில் சான்று அவர்கள் பக்கம் நிற்கவில்லை. தோன்றிய நாளிலிருந்தே மதுவிலக்கில் இருக்கிற குஜராத்தில் 2022 ஜூலையில் போட்டாட் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கேயும் மெத்தனால் ஓர் ஆலையிலிருந்து திருடப்பட்டதுதான். 2016இல் மதுவிலக்குக் கொண்டுவந்த பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் பெருஞ்சாவு. கள்ளைத் திறந்துவிட்டால், மலிவு மதுவை விற்றால் தீரும் என்கிற எதிர்த்தரப்பும் அவசரப்பட வேண்டாம். 1982 ஓணத்தின்போது கேரளத்து வைப்பினில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயம் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. மதுவிலக்கு மாநிலம், மது விற்கும் மாநிலம், உரிமக் கடை, கள்ளக் கடை எல்லாவற்றிலும் சாவு விழுந்திருக்கிறது. எல்லா இடத்திலும் பொதுவாக இருந்தது கணக்கில் வராத மெத்தனால் ஒன்றுதான்.

பொருளை எண்ணினால் சாவு குறையும் என்பதற்குச் சான்று இருக்கிறதா? இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிறது. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். பெரும்பாலும் பூச்சிமருந்து குடித்து. உலகிலேயே மோசமான விகிதங்களில் ஒன்று அது. கொடிய நஞ்சுகளை அந்த நாடு ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து எடுத்தது: 1990களில் கடும் நச்சுவகைகளும் எண்டோசல்பானும், 2008க்குப் பிறகு பாராகுவாட்டும் வேறு சிலவும். இருபது ஆண்டில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. வயல் விளைச்சலும் விழவில்லை. மக்களின் மனத்துயரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதா? இல்லை. ஆத்திரத்தில் கை நீளுகிற இடத்தில் கொல்லும் பொருள் இல்லாமல் போனது. தமிழ்நாடும் இதிலிருந்து கற்றுக்கொண்டு எலிப்பசையையும், 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட சில பூச்சிமருந்துகளையும் தடைசெய்ய முனைந்தது. அந்த ஒரு துறையில் நம் அரசு ஆளை விட்டுப் பொருளைப் பிடித்தது. மதுவில் செக் நாடு ஒரு பாடம். 2012 செப்டம்பரில் அங்கே மெத்தனால் கலந்த மதுவால் சாவு தொடங்கியதும், 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எல்லா மதுவின் விற்பனையையும் நாடு முழுவதும் நிறுத்தினார்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் திறந்தபோது, எந்தச் சரக்கு எங்கே பிறந்தது என்ற சான்று இருந்தால்தான் விற்கலாம் என்றார்கள். கொன்றது யார் என்று காவல்துறை ஒரு பக்கம் தேடியது. எங்கே மிச்சம் இருக்கிறது என்பதை அரசு மறுபக்கம் தேடியது.

தொழில் நடத்துகிறவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். மெத்தனால் பல்லாயிரம் டன் புழங்கும் சரக்கு. டிரம்முக்கு டிரம் கணக்குக் கேட்டால் சிறுதொழில் மூடிக்கொள்ளும் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பாலையும் பெட்ரோலையும் லிட்டர் கணக்கில் பின்தொடர முடிகிற காலத்தில், உற்பத்தி அல்லது இறக்குமதி முதல் கடைசிப் பயனாளி வரை மெத்தனாலைப் பின்தொடர முடியாது என்பதை ஏற்க இயலவில்லை. வாயில் வைக்க முடியாத கசப்புள்ள டெனடோனியம் பென்சோயேட்டையும் நிறத்தையும் சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். நுண்ணிய வேதியியல் வேலைக்கு வாங்குகிற சிலருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது, எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்று மாநிலங்கள் சொல்லிவந்ததற்கும் இப்போது இடமில்லை. தொழில்துறை ஆல்கஹாலையும் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் எட்டுப் பேர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 1959 விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆலை வாசலில் போனது எத்தனை, வந்தது எத்தனை என்று தினமும் கேட்க ஆள் போடுவதுதான் பாக்கி.

கணக்கில் ஓட்டை விழத்தான் செய்யும். அப்போது உயிரைக் காப்பது மருத்துவத்தின் வேலை. இங்கேதான் தமிழ்நாட்டுக்கு வேறு மாநிலங்களுக்கு இல்லாத பலம் இருக்கிறது. 1939இலேயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. அரசு மருந்துக் கொள்முதலுக்கு 1994இல் தனிக் கழகம் அமைத்து நாட்டுக்கே முன்மாதிரியான மாநிலம். 108 ஆம்புலன்ஸ் ஊருக்கு ஊர் வருகிறது. விபத்தில் சிக்கியவர் யாரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. வண்டி ஓட்டியவர் குடித்திருந்தாரா, தலைக்கவசம் போட்டாரா என்று அந்தத் திட்டம் முதலில் கேட்பதில்லை. உயிரைப் பிடித்துவைத்துவிட்டு மற்றதைப் பார்க்கிறது. இதே மனத்தோடு நஞ்சு உண்டவர்களையும் நடத்த வேண்டும். மெத்தனாலுக்கு முறிமருந்து உண்டு. ஈரல் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோலை உலக சுகாதார நிறுவனம் 2013இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அது கிடைக்காத இடத்தில் மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் எத்தனாலும் அதே வேலையைச் செய்யும். வீட்டில் யாரும் கையாளக் கூடாத சிகிச்சை அது. பிறகு டயாலிசிஸ் இரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஆயிரம் படுக்கைப் பெரிய மருத்துவமனையில் மட்டும் முறிமருந்து இருந்து பயனில்லை. மேலூர், நத்தம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் ஒரு பெட்டி இருக்க வேண்டும்.

குடித்துவிட்டு வருகிறவனுக்கு இவ்வளவு செய்தால் குடி வளராதா என்று கேட்பார்கள். இழப்பீடு கொடுத்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் ஓப்பியம் வகைப் போதையால் மூச்சு நின்றவர்களை எழுப்பும் நலோக்சோன் மருந்தை, போதைக்கு ஆட்பட்டவர்கள் கையிலேயே கொடுக்க 1996இல் சிகாகோவில் ஒரு தொண்டமைப்பு தொடங்கியபோதும் இப்படித்தான் ஆட்சேபித்தார்கள். பின்னால் மாநில அரசுகளே அதைக் கையில் எடுத்தன. நண்பன் மயங்கி விழுந்தால் உதவிக்கு அழைக்கிறவர்மேல் போதை வழக்குப் போடுவதில்லை என்ற சட்டத்தை 2007இல் நியூ மெக்சிகோ முதலில் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இறந்துபோனவன் திருந்த முடியாது என்ற எளிய உண்மையின்மேல் நிற்கிற சட்டம் அது. நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. டேபென்டடால் போன்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற இளைஞர்கள் இப்போது தமிழக நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூச்சு நின்றால் கூட இருப்பவர்கள் போலீசுக்குப் பயந்து ஓடுகிறார்கள். அழைப்பவர்மீது வழக்கில்லை என்ற உறுதியைச் சட்டமாகவே தமிழ்நாடு எழுதித் தர வேண்டும். சாராயத்துக்கும் அதுவே பொருந்தும். கள்ளக்குறிச்சியில் கூலித் தொழிலாளி ஒருவர் முதல் மங்கலைக் கண்டதும் பயமில்லாமல் ஆம்புலன்சைக் கூப்பிடக்கூடிய நிலை இருந்திருந்தால் எத்தனை கண்கள் பிழைத்திருக்கும்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம்: மெத்தனால் இருப்புக் கணக்கை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிடட்டும், முறிமருந்து எந்தெந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதையும் அறிவிக்கட்டும். வாசகர் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. உங்கள் தெருவில், கட்டட வேலை நடக்கும் இடத்தில், தோட்டத்தில் யாராவது குடித்த மறுநாள் வயிற்றுவலி என்றோ கண் மங்குகிறது என்றோ சொன்னால், போதை தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவரை ஏசவும் வேண்டாம். 108ஐ அழையுங்கள். கூடக் குடித்தவர்கள் யார் யார் என்று கேட்டு, நன்றாக இருப்பதாகச் சொல்கிறவர்களையும் அதே வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.